நின்ற நீரும் வாழும் உரமும்: தமிழக நெல்வயலில் நீர்ச்சிக்கனமும் உயிர் உரமும் (1913–2018)

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த நீரில் நெல் விளைவித்தல், உயிர் உரம் இடுதல் ஆகிய இரண்டும் இன்றைய வேளாண் பரிந்துரைகளில் ஒருசேரச் சொல்லப்படுகின்றன. ஆயினும் அவ்விரண்டும் ஒரே வரலாற்றிலிருந்து பிறந்தவை அல்ல. நீலப்பச்சைப்பாசியும் அசோலாவும் நீர் நின்ற வயலை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த ஆய்வின் விளைவுகள். செம்மை நெல் சாகுபடியோ நீர் நில்லாத வயலை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு மரபுகளும் தமிழக நெல்வயலில் எவ்வாறு ஒரே பரிந்துரையாக இணைக்கப்பட்டன, அவ்விணைப்பில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. உயிர் உரம், தழையுரம், தொழுவுரம் ஆகியன நீரோடு கொள்ளும் உறவு வெவ்வேறானது. அவற்றை 'இயற்கை உரம்' என ஒரே பெயரில் அடக்கியதே குழப்பத்தின் தோற்றுவாய் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நெல், நீர் மேலாண்மை, நீலப்பச்சைப்பாசி, அசோலா, தழையுரம், செம்மை நெல் சாகுபடி, காவிரிப் பாசனம்

1. காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்வயலை இடையிடையே உலரவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுவதைத் தமிழ் உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பர். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அண்மைப் பதிற்றாண்டுகளில் பரப்பிவரும் நீர்ச்சிக்கன முறையின் உள்ளடக்கம் ஏறத்தாழ இத்தொடரில் அடங்கிவிடுகிறது. அந்நிறுவனத்தின் முறையில் துளையிட்ட குழாய் ஒன்று வயலில் பதிக்கப்படும். குழாயினுள் நீர்மட்டம் நிலப்பரப்பிற்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை காத்திருந்து, பின்னரே நீர் கட்டவேண்டும். இவ்வாறு செய்தால் நீர்த்தேவையில் 30 விழுக்காடு வரை குறைக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்வொற்றுமையைக் கொண்டு 'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என முடிவுகட்டிவிடுவது எளிது. அவ்வாறு முடிவுகட்டும் கட்டுரைகளும் பல. ஆனால் இத்தொடர் வழங்கிய நிலப்பகுதிகளின் இயல்பு ஒருபடித்தானதன்று. ஏரிப்பாசனப் பகுதியில் காய்ச்சல் என்பது பெரும்பாலும் முறைப்பாசனத்தின் விளைவு. மடைநீரை நீர்க்கட்டி முறைவைத்துப் பங்கிடும்போது ஒருவர் வயலுக்கு நீர் வரும் நாளுக்கும் அடுத்த முறைநாளுக்கும் இடையில் வயல் காயும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் நெல்லைப் புழுதியில் விதைத்து, மழையும் கண்மாய் நீரும் வந்தபின் சேற்றுப்பயிராக மாற்றுவது வழக்கம். அங்கே காய்ச்சல் பயிரின் தொடக்க நிலையாகவே அமைகிறது. காவிரிப் படுகையிலோ ஆற்றில் நீர் வரும் மாதங்களில் வயலில் நீர் நிற்பதே இயல்பு; காய்ச்சல் அறுவடைக்கு முன்னும் கோடைத் தரிசிலும்தான். ஆக, ஒரே தொடர் மூன்று வெவ்வேறு நீர் ஒழுங்குகளைக் குறித்திருக்கிறது. அவற்றுள் எதிலும் காய்ச்சலின் நாளைத் தனி உழவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. இவ்வேறுபாடு பின்னர் முக்கியத்துவம் பெறும்.

உரத்திலும் இதே நிலைதான். கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்து மடக்கி உழுதல், வேம்பு, புங்கம், ஆவாரை ஆகியவற்றின் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தல், தொழுவுரம் இடுதல் ஆகியன நெல்வயலின் பழைய உரமுறைகள். அறுவடைக்குப்பின் இராமநாதபுரச் சீமையின் கீதாரிகள் ஆட்டு மந்தைகளைத் தஞ்சை வயல்களுக்கு ஓட்டிவந்து கிடை போடுவர். கிடை போட வயல் உலர்ந்திருக்க வேண்டும். தழை மிதிக்கச் சேறு வேண்டும். ஒவ்வோர் உரத்திற்கும் ஏற்ற நீர்நிலை ஒன்று இருந்தது. வேளாண் நாட்காட்டி அவற்றை ஒன்றையொன்று முட்டாதவாறு வெவ்வேறு மாதங்களில் வைத்திருந்தது.

2. கோயம்புத்தூர், 1913

நெல்வயலில் நீருக்கும் உயிருரத்திற்கும் உள்ள உறவை ஆய்வகத்தில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்தோருள் டபிள்யூ. எச். ஹாரிசன், பி. ஏ. சுப்பிரமணிய ஐயர் ஆகிய இருவரும் அடங்குவர். வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு இடம்பெயர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சேற்று நெல்மண்ணில் தோன்றும் வாயுக்கள் குறித்த அவர்களுடைய ஆய்வுத்தொடரின் முதற்பகுதி 1913இல் இந்திய வேளாண்துறையின் வேதியியல் வரிசையில் வெளிவந்தது.

அவர்களை ஆய்வுக்குத் தூண்டியது ஓர் எளிய ஐயம். நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத மண்ணில் பிற பயிர்களின் வேர் அழுகும். நெல் மட்டும் எவ்வாறு பிழைக்கிறது? அதனினும் வியப்பானது, அழுகும் தழையை அள்ளிப்போட்டுக் காற்றின்மையை மேலும் கூட்டிய வயலில் அது எவ்வாறு நன்கு விளைகிறது? மண்ணிலிருந்து எழும் வாயுவில் மீத்தேன் மிகுந்திருப்பதையும், தழையுரம் இட்டால் வாயு உற்பத்தி பெருகுவதையும் அவர்கள் அளந்தனர். ஆனால் மண்ணின் மேற்பரப்பில், நீருக்கடியில் படிந்திருக்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இவ்வாயுக்களை மாற்றிவிடுகிறது. அப்படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை ஆக்சிசனேற்றம் செய்து கரியமில வாயுவாக்குகின்றன. அதே படலத்திலுள்ள பாசிகள் கரியமில வாயுவை உண்டு ஆக்சிசனை வெளியிடுகின்றன. அந்த ஆக்சிசன் நீரில் கரைந்து, மெல்லக் கீழிறங்கும் நீரோடு வேரைச் சேர்கிறது. தழையுரத்தின் பயனில் ஒரு பகுதி இவ்வழியே கிடைக்கிறது என்பது அவர்களது விளக்கம்.

வேர்த்திசுவின் காற்றறைகள் வழியாக இலையிலிருந்து வேருக்கு ஆக்சிசன் செல்வதைப் பின்வந்த ஆய்வுகள் முதன்மைக் காரணமாக நிறுவின. எனவே ஹாரிசன்–ஐயர் விளக்கத்தை இன்று முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆயினும் அவர்களது அணுகுமுறையின் தனிச்சிறப்பு இப்பொருளில் பெரிது. தழை, பாசி, நுண்ணுயிர், நீரின் கீழிறக்கம், வேர் ஆகிய ஐந்தையும் அவர்கள் ஒரே கேள்வியின் உறுப்புகளாகக் கண்டனர். மண்ணுக்குள் நீர் அசையாமல் தேங்கினால் இவ்வொழுங்கு குலையும் என்பதும் அவர்களது விளக்கத்திலேயே உள்ளடங்கியிருந்தது. பின்வந்த அறுபது ஆண்டுகளில் இக்கேள்வி துண்டுபட்டது: பாசி நுண்ணுயிரியலுக்கும், நீர் பாசனப் பொறியியலுக்கும், தழை உழவியலுக்கும் சென்றன. மீத்தேனை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. புவிவெப்பமடைதல் குறித்த அக்கறை எழுந்த பின்னரே நெல்வயல் மீத்தேனைப் பற்றி எழுதுவோர் இக்கோவை ஆய்வைத் தொடக்கப்புள்ளியாக மீண்டும் குறிக்கலாயினர்.

அதே பதிற்றாண்டில் சென்னை மாகாண வேளாண்துறை நெல்லில் ஒற்றை நாற்று நடவைப் பரப்ப முயன்றது என்பதும் நினைவுகூரத்தக்கது. கற்றையாக நடுவதை விடுத்து ஒவ்வொரு நாற்றாக நட்டால் விதை மிச்சமாகும் என்பதே அன்றைய வாதம். நீர் மிச்சமாகும் என்று எவரும் சொல்லவில்லை. நூற்றாண்டு கழித்து அதே ஒற்றை நாற்று நீர்ச்சிக்கனத்தின் அடையாளமாகத் திரும்பி வந்தது.

3. பாசியும் அசோலாவும்: நீர் நின்ற வயலின் உரங்கள்

நெல்வயல் உரமிடாமலேயே ஆண்டாண்டாக ஓரளவு விளைச்சல் தருவதற்கு நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துவதே காரணம் என்பதை வங்காள நெல்மண்ணைக் கொண்டு 1939இல் பி. கே. டே நிறுவினார். ஆர். என். சிங் இவ்வாய்வை வட இந்தியாவில் முன்னெடுத்தார். தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. எஸ். வெங்கடராமன் பாசியை ஓர் இடுபொருளாக மாற்றினார். பாசி உயிருரமும் நெற்சாகுபடியும் பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. நாப்தாவை நம்பிய யூரியாவின் விலை உயர, வயலிலேயே வளரும் நைட்ரசன் அரசுக்கும் ஆய்வாளருக்கும் கவர்ச்சியுடையதாயிற்று.

தொட்டிகளிலும் பாலித்தீன் விரித்த குழிகளிலும் மண், நீர், சூப்பர் பாஸ்பேட்டு இட்டுப் பாசியை வளர்த்து, வெயிலில் உலர்த்திச் செதிலாக எடுத்து, எக்டேருக்கு 10 கிலோ வீதம் நட்ட 10 நாள் கழித்து வயலில் தூவவேண்டும் என்பது பரிந்துரை. எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைட்ரசன் கிடைக்கும் எனக் கணக்கிடப்பட்டது. இப்பரிந்துரைகள் அனைத்திலும் மாறாத நிபந்தனை ஒன்று உண்டு: தூவும்போதும் அதன் பின்னரும் வயலில் மெல்லிய நீர்ப்பரப்பு நிற்கவேண்டும்.

அசோலாவின் கதை கிழக்காசியாவிலிருந்து தொடங்குகிறது. வட வியட்நாமின் தாய் பின் மாகாணத்தில் அசோலாவைக் கோடையில் அழியாமல் காத்து, நடவுப்பருவத்தில் பிற ஊர்களுக்கு விற்பதையே தொழிலாகக் கொண்ட ஊர்கள் இருந்தன. இந்தியாவில் 1970களில் கட்டாக்கு மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. கே. சிங் இதனை ஆராய்ந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஸ். கண்ணையன் அசோலா ஆய்வை வளர்த்தார். பின்னாளில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார். இப்பெரணியின் இலைக்குழிகளில் வாழும் நீலப்பச்சைப்பாசியே நைட்ரசனைப் பிடிக்கிறது. உகந்த சூழலில் அசோலா சில நாட்களிலேயே இருமடங்காகும். ஆனால் அது நுட்பமான உயிர். மணிச்சத்துக் குறைந்தால் செந்நிறமாகித் தேங்கும், கடும் வெயிலில் வாடும், புழு தின்னும். நீர் வற்றினால் சேற்றில் ஒட்டிக்கிடந்து பெருகாது. காவிரிப் படுகையின் கோடையைத் தாண்டி விதை அசோலாவைக் காப்பதே உழவருக்குப் பெரும்பாடு. வியட்நாமில் அதற்கெனத் தனி ஊர்களே இருந்தன என்பதைத் தமிழகத்தில் இதைப் பரப்பியோர் போதிய அளவு எண்ணிப்பார்த்தனர் எனத் தோன்றவில்லை. இன்று தமிழகத்தில் அசோலா மிகுதியும் மாட்டுத் தீவனத் தொட்டிகளில்தான் காணப்படுகிறது.

இவற்றோடு ஒப்பிட அசோஸ்பைரில்லத்தின் வழி வேறு. பிரேசிலில் யோகன்னா டோபரைனர் 1970களில் புல்லினப் பயிர்களின் வேர்களில் இதனை ஆராய்ந்து உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். நீர்ப்பரப்பில் மிதக்காமல் வேரைச் சூழ்ந்த மண்ணில் வாழும் இந்நுண்ணுயிர்க்குச் சிறிதளவு ஆக்சிசன் வேண்டும். வேர்ப்பரப்பு நன்கு விரிந்தால் அதற்கு இடம் பெருகும். 200 கிராம் பொட்டலங்களில் விற்கப்பட்ட இது, விதைநேர்த்தி, நாற்றின் வேரை நனைத்தல், தொழுவுரத்தோடு கலந்து வயலில் இடுதல் என மூன்று வழிகளில் பரிந்துரைக்கப்பட்டது. மூன்றிலும் நீர் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அரசு வெளியீடுகள் பாசி, அசோலா, அசோஸ்பைரில்லம் ஆகிய மூன்றையும் 'உயிர் உரங்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வரிசையாகத் தந்தன. அவை முதன்முதல் அச்சான நாளில் அது பிழையன்று. ஏனெனில் அன்றைய நெல்வயல் என்றால் 5 செ.மீ. நீர் நிற்கும் வயல்தான். 1960–61இல் தஞ்சையில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டமும், 1965இல் வெளியான ஆடுதுறை 27, அதனையடுத்து வந்த ஐ.ஆர். 8 ஆகிய இரகங்களும் அத்தகைய வயலையே பொதுவிதியாக்கியிருந்தன.

4. மடகாஸ்கரின் மறு கேள்வி

நீர் நிற்கும் வயலே நெல்லின் இயல்பிடம் என்ற நம்பிக்கைக்குச் சவால் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஆன்றி தெ லொலானியே 1961இல் மடகாஸ்கர் சென்று, அங்குள்ள உழவரோடு முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். அந்சிராபே அருகில் அவர் நடத்திய வேளாண் பள்ளியில் 1983–84 பருவத்தில் 15 நாள் வயதுள்ள நாற்றுகளை ஒவ்வொன்றாக, 25 செ.மீ. சதுர இடைவெளியில் நடநேர்ந்தது. வழக்கத்தைவிடப் பாதி வயதுள்ள அந்நாற்றுகள் எதிர்பாராத அளவில் தூர்கட்டின. மண் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் நீர் நிற்கக்கூடாது என்பதும், சுழலும் களைக்கருவியால் மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தரவேண்டும் என்பதும் அவர் உருவாக்கிய முறையின் கூறுகள். 1990இல் தோன்றிய 'தெஃபி சாய்னா' என்னும் அமைப்பு இதனைப் பரப்பியது. மலகாசி மொழியில் அப்பெயருக்கு மனத்தைச் செம்மைப்படுத்துதல் என்று பொருள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் உப்பாஃப் வழியாக இம்முறை ஆசியாவை அடைந்தது.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. லொலானியே தொடக்கத்தில் இரசாயன உரத்தையே பயன்படுத்தினார். 1980களின் இறுதியில் மடகாஸ்கர் அரசு உரமானியத்தை நீக்கிய பின்னரே கம்போஸ்டுக்கு மாறினார். இயற்கை உரம் இம்முறையின் பிறவிக்குணமன்று. விலைவாசி கொணர்ந்த சேர்க்கை. அது நல்ல சேர்க்கையாக அமைந்தது என்பது வேறு.

அறிவியல் உலகம் இம்முறையை எளிதில் ஏற்கவில்லை. 2004இல் வெளியான ஆய்வுரை ஒன்று, இம்முறையின் மிகை விளைச்சல் கூற்றுகளை வானில் தென்படும் அடையாளம் தெரியாத பொருள்களோடு ஒப்பிட்டு எள்ளியது. அதைவிடக் கனமான விமர்சனம் 2003இல் மோசர், பாரெட் ஆகியோர் மடகாஸ்கரில் செய்த ஆய்விலிருந்து வந்தது. விளைச்சல் கூடியபோதும் ஏழை உழவர் பலர் இம்முறையைக் கைவிட்டனர். கூடுதல் உழைப்பு தேவைப்படும் வாரங்களிலேயே வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். அந்நாட்களில் பிறர் வயலுக்குக் கூலிக்குச் சென்றாலன்றி அடுப்பு எரியாது. விளைச்சலைப் பற்றிய பூசல் பல பக்கங்களை நிரப்பியது. உழைப்பின் நாட்காட்டி பற்றிய இக்கண்டறிதல் தமிழகத்தில் குறைவாகவே பேசப்பட்டது.

5. திருந்திய நெல், செம்மை நெல், ராஜராஜன் 1000

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டளவில் டி. எம். தியாகராஜன் முதலியோர் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கினர். காவிரித் தீர்ப்பாயம் 1990இல் அமைந்து, 1991இல் இடைக்காலத் தீர்ப்பு வழங்கி, இறுதித் தீர்ப்பு வராதிருந்த ஆண்டுகள் அவை. குறைந்த நீர் என்பது அன்று ஆய்வுப் பொருள் மட்டுமன்று. அரசியல் கட்டாயமும் ஆகும். 2003–04இல் தாமிரபரணிப் படுகையில் 100 உழவர்களின் வயல்களில் நடந்த ஒப்பீட்டில் புதிய முறையில் எக்டேருக்குச் சராசரியாக 7.2 டன்னும் வழக்கமான முறையில் 5.7 டன்னும் விளைந்தன.

தமிழகத்தில் உருவான தொகுப்பு மடகாஸ்கரின் நகலன்று. 14 நாள் நாற்று, 22.5 செ.மீ. சதுர நடவு, குத்துக்கு ஒரே நாற்று, நட்ட 10ஆம் நாள் முதல் 10 நாளுக்கு ஒருமுறை கோனோ களைக்கருவி, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றியபின் 2.5 செ.மீ. உயரத்திற்கு நீர் ஆகியவற்றோடு இலைவண்ண அட்டையும் அதில் இடம்பெற்றது. இலையின் பச்சை நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறினால் மேலுரம் இடுவது அதன் பயன். அம்மேலுரம் யூரியா. எனவே தாமிரபரணியின் 7.2 டன்னை இயற்கை வேளாண்மையின் சான்றாகக் காட்டும் பிற்காலத் துண்டறிக்கைகள் அவ்வெண்ணுக்கு நியாயம் செய்யவில்லை. அது நீர், நாற்று, இடைவெளி, களைக்கருவி, அளவான நைட்ரசன் ஆகியவற்றின் கூட்டு விளைவு.

பெயர்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. முதலில் இது 'திருந்திய நெல் சாகுபடி' எனப்பட்டது. முன்பு செய்தது திருந்தாதது என்ற குறிப்பு அதில் உண்டு. பின்னர் 'செம்மை நெல் சாகுபடி' என்ற பெயர் பரவியது. தெஃபி சாய்னாவின் பொருளோடு இது நெருங்கி நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்த 2010இல் தமிழக அரசு 'ராஜராஜன் 1000' எனப் பெயர் சூட்டியது. மடகாஸ்கரில் பிறந்த முறை சோழ மன்னன் பெயரால் உள்ளூர்மயமாயிற்று. உழவர் வாயிலோ அது பெரும்பாலும் 'ஒற்றை நாற்று நடவு' என்றே நின்றது.

2007இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இம்முறையைப் பல துணைப்படுகைகளுக்குக் கொண்டுசென்றது. இக்காலத்தில்தான் உயிர் உரங்களின் பழைய பட்டியலும் செம்மை நெல்லின் புதிய பரிந்துரையும் ஒரே கையேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறலாயின.

6. யார் வயலைக் காயவிட முடியும்?

வயலைக் காயவிடுவதற்கு இரண்டு ஆற்றல் வேண்டும்: வேண்டாதபோது நீரை வெளியேற்றும் ஆற்றல், வேண்டியபோது தவறாமல் பெறும் ஆற்றல். காவிரிப் படுகையின் பெரும்பகுதியில் நீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பாய்கிறது. மேல்வயல்காரர் நீர் கட்டினால் கீழ்வயலும் நனையும். கீழ்வயல்காரர் காயவிட எண்ணினாலும் வரப்பைத் தாண்டி வரும் நீரைத் தடுக்கவியலாது. 1934இல் மேட்டூர் அணை கட்டிமுடிந்தபின் ஆற்றில் நீர் வரும் நாள் ஓரளவு உறுதிப்பட்டது. வயல்மட்டத்தில் இவ்வொழுங்கு மாறவில்லை. அடுத்த முறை நீர் வருமா என்ற ஐயம் உள்ள கடைமடையில், வந்த நீரைத் தேக்கிவைப்பதே அறிவுடைமை. அதனை அறியாமை என விரிவாக்க அறிக்கைகள் எழுதுவது பொருந்தாது.

படுகையின் களிமண்ணும் இதில் பங்கு வகிக்கிறது. மயிரிழை வெடிப்புக்கும் விரல் நுழையும் வெடிப்புக்கும் இடையே வெயில்நாளில் இடைவெளி மிகச் சிறிது. வெடிப்பு ஆழமானால் அடுத்து விடும் நீர் வேருக்கு நிற்காமல் வெடிப்பின் வழியே இறங்கிவிடும். சிக்கனம் செய்யக் காயவிட்டு, காயவிட்டதாலேயே நீரை இழக்கும் நிலை அது.

இதனால் நீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் வடிமுனைக் குழாய்க் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உடையவரிடமே அமைந்தது. 1990 அளவில் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானபின், நீரைச் சேமிக்கும் வசதி பெற்ற அவர்களுக்குச் சேமிப்பதால் வரும் பண ஆதாயம் ஏதும் இல்லை. சேமிப்பு வேண்டியிருந்த கடைமடை உழவருக்கோ அதற்கான வசதி இல்லை. செம்மை நெல்லின் பரவல் குறித்த விவாதங்களில் 'உழவர் ஏற்கவில்லை' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. எந்த மடையில், யாருடைய வயலில் என்று பிரித்துக் கேட்டாலன்றி அத்தொடருக்குப் பொருளில்லை.

7. களைக்கருவியும் கூலியும்

நடவும் களையெடுப்பும் காவிரிப் படுகையில் பெண்களின் வேலை. நிலமற்ற குடும்பங்களின் ஆண்டு வருவாயில் அவ்விரண்டு பருவக்கூலிக்குப் பெரும்பங்கு உண்டு. சதுர நடவுக்குக் கயிறோ அடையாளக் கருவியோ கொண்டு கோடிட்டு, இரண்டு இலை விட்ட இளநாற்றை விதை ஒட்டியபடி எடுத்து நடவேண்டும். குழுவாக, ஒப்பந்தமாக, விரைந்து நடும் பழக்கத்திற்கு இது முரண்பட்டது. கோனோ களைக்கருவியின் எடையோ வேறொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. சேற்றில் முன்னும் பின்னும் தள்ளவேண்டிய அக்கருவி பல இடங்களில் ஆண்களின் கைக்குச் சென்றது. கைக்களை எடுத்த பெண்களின் கூலிநாட்கள் அந்த அளவுக்குச் சுருங்கின. விளைச்சல் அட்டவணைகளில் 'களையெடுப்புச் செலவில் சேமிப்பு' எனப் பதிவான தொகை, அப்பெண்களின் வீட்டுக் கணக்கில் இழப்பு. நீரும் உரமும் பற்றிய ஆய்வுகளில் இது ஒரு வரிக்குமேல் இடம்பெறுவதில்லை.

பின்னர் இயந்திர நடவு வந்தபோது செம்மை நெல்லின் ஒரு கூறு அதற்குள் அமைதியாகப் புகுந்தது. பாய் நாற்றங்காலில் வளர்த்த 15 முதல் 18 நாள் நாற்று, அகன்ற வரிசை ஆகியன இயந்திரத்தின் தேவைகள். இளநாற்று நின்றது, ஒற்றை நாற்றும் சதுரமும் நழுவின. நேரடி விதைப்புப் பெருகிய பகுதிகளில் நாற்றே இல்லை.

8. முதல் பத்து நாள்

உயிர் உரமும் நீர்ச்சிக்கனமும் உண்மையில் மோதும் இடம் நட்ட முதல் பத்து நாட்கள். செம்மை முறையில் 14 நாள் நாற்று குட்டையானது; நீர் நின்றால் மூழ்கும். ஆகவே அந்நாட்களில் மண் ஈரமாக மட்டும் இருக்கவேண்டும். அசோலாவை இடவேண்டிய காலமோ நட்ட 3 முதல் 5 நாள். பாசிச் செதிலுக்கு 10ஆம் நாள். இரண்டிற்கும் நிற்கும் நீர் வேண்டும். ஒரே கையேட்டின் இரு பக்கங்களையும் ஒரே வயலில் அப்படியே பின்பற்ற இயலாது. பன்னாட்டு நிறுவனத்தின் குழாய்முறையில் இம்மோதல் குறைவு. அது களையை அடக்குவதற்காக முதல் இரண்டு வாரம் நீர் நிற்க விடுகிறது. காய்ச்சல் அதன் பின்னரே தொடங்கும். அங்கே அசோலாவைப் பெருக்கி, களையெடுப்பின்போது மண்ணில் அமிழ்த்திவிட்டு, அதன்பின் காயவிட இடமுண்டு. 'குறைந்த நீர் முறை' என ஒன்றாகப் பேசப்படும் இவ்விரண்டும் உயிர் உரத்தைப் பொறுத்தவரை எதிரெதிர்த் திசையில் தொடங்குகின்றன.

தழையுரத்தின் நிலை இதற்கு மறுதலை. மடக்கி உழுத தழை நீரில் மூழ்கிக் கிடந்தால் மீத்தேனைப் பெருக்கும்; ஹாரிசனும் சுப்பிரமணிய ஐயரும் அளந்தது அதுவே. தழை மட்கும் தொடக்க நாட்களுக்குப்பின் வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து மீத்தேன் குறைகிறது. தழையுரமும் தொழுவுரமும் மிகுதியாக இடும் உழவருக்குக் காய்ச்சல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எனினும் காய்ச்சல் மிகுந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, அடுத்த பாய்ச்சலில் வாயுவாக வெளியேறும் இழப்பும் உண்டு. அசோஸ்பைரில்லம் இரண்டிற்கும் நடுவே நிற்கிறது: காற்று அறவே இல்லாத மண்ணும் அதற்கு ஆகாது, முற்றிலும் உலர்ந்த மண்ணும் ஆகாது. மணிலா அகத்தி போன்று தண்டிலேயே முடிச்சு விடும் பசுந்தாள் பயிர் நீர் தேங்கிய நிலத்திலும் நைட்ரசனைப் பிடிக்கும். நடவுக்கு முன்பே அதன் வேலை முடிந்துவிடுவதால் நடவுக்குப் பின்வரும் நீர் ஒழுங்கோடு அதற்கு முரணில்லை.

2018இல் உச்சநீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகம் பெறவேண்டிய காவிரி நீரை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. தமிழகப் படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் கொண்டே அவ்வெண் எட்டப்பட்டது. அதாவது, வடிமுனைக் குழாய்க் கிணற்றின் நீரும் இப்போது மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டின் ஓர் உறுப்பு. அந்நீரைக்கொண்டு யார் வயலில் முதல் பத்து நாள் நீர் நிற்கும், யார் வயலில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும் என்பதற்கேற்பவே, அவ்வயலுக்கு அசோலாவா, அசோஸ்பைரில்லமா, நடவுக்கு முன் மடக்கிய தக்கைப்பூண்டா என்பது முடிவாகிறது. கையேடுகளில் மூன்றும் இன்றும் ஒரே தலைப்பின்கீழ், நீர்க்குறிப்பு ஏதுமின்றி, அகரவரிசையில் நிற்கின்றன.